வெனிஸில் ஒரு நாள், மூன்றே ஓவியங்கள்

வெனிஸ் போகிறவர்களில் பெரும்பாலோர் கையில் ஒரு பட்டியல் இருக்கும். சான் மார்கோ சதுக்கம், டோஜ் மாளிகை, ரியால்டோ பாலம், பெருமூச்சுப் பாலம், கொண்டோலா சவாரி, முரானோ கண்ணாடி, புரானோவின் வண்ண வீடுகள்... காலை ரயிலில் இறங்கி, மாலை ரயிலைப் பிடிப்பதற்குள் இத்தனையும் முடிந்தாக வேண்டும். முடித்தும் விடுகிறார்கள்! திரும்பி வந்தபின் கேமராவில் எல்லாம் இருக்கும், மனதில் கூட்டம் மட்டும் இருக்கும்.

ஒரே ஒரு நாள்தான் கிடைத்திருக்கிறது, கூட யாரும் வரவில்லை என்றால் அந்தப் பட்டியலைக் கிழித்துப் போடுவதுதான் புத்திசாலித்தனம். ஒரு நாளுக்கு மூன்று ஓவியங்கள் போதும். கேட்பதற்குச் சோம்பேறித்தனம் மாதிரி இருக்கலாம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் லாபம் இதில்தான்.

தோசைக் கணக்கு

பொருளியல் பாடத்தில் எல்லோரும் படித்ததுதான். பசியோடு வந்தவனுக்கு முதல் தோசை அமிர்தம். மூன்றாவது பரவாயில்லை. ஆறாவது தட்டில் விழும்போது எழுந்து ஓடத் தோன்றும். குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி. அருங்காட்சியகங்களில் இந்த விதி அப்படியே வேலை செய்கிறது. முதல் அறையில் ஒவ்வொரு படத்தின் முன்னும் நிற்கும் மனிதர், பத்தாவது அறையில் உட்கார நாற்காலி இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்.

ஆனால் இந்த விதிக்கு ஒரு நிபந்தனை உண்டு: இடையில் ரசனை மாறக் கூடாது. ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-ல் வெளிவந்த தன் புத்தகத்திலேயே இதைச் சொல்லிவிட்டார். நல்ல இசையைக் கேட்கக் கேட்க ரசனை குறைவதில்லை, கூடுகிறது என்பது அவர் தரும் உதாரணம். ஓவியத்துக்கும் இது பொருந்தும். நூறு படங்களை ஒரு நிமிடம் வீதம் பார்த்தால் பயன்பாடு குறைந்துகொண்டே போகும். ஒரே படத்தை அரை மணி நேரம் பார்த்தால் ஏறிக்கொண்டே போகும். திட்டத்தின் அடிப்படை இதுதான்.

திட்டம்

விடிந்ததும் நடை. கூட்டம் வந்து சேர்வதற்கு முன், சரக்குப் படகுகள் காய்கறியும் தண்ணீர் பாட்டிலும் இறக்கும் நேரம். கார், சைக்கிள் எதுவும் இல்லாத ஊர் என்பதால் காலடிச் சத்தம் கூடத் தெளிவாகக் கேட்கும். வழி தவறினால் பதற வேண்டாம். தீவுதானே, எங்கே போய்விட முடியும்?

முதல் ஓவியம் சான் ஸக்காரியா தேவாலயத்தில். ஜொவான்னி பெல்லினி 1505-ல் வரைந்த பீடச் சித்திரம். சான் மார்கோவிலிருந்து சில நிமிட நடைதான், இருந்தும் அங்கே உள்ள கூட்டத்தில் சிறு பகுதிதான் இங்கே எட்டிப் பார்க்கிறது. நாணயம் போட்டால் விளக்கு எரியும். நடுவில் மாதா, இருபுறமும் புனிதர்கள், காலடியில் இசைக்கருவி வாசிக்கும் ஒரு தேவதை. யாரும் யாரையும் பார்க்கவில்லை, எல்லோரும் அந்த இசைக்குள் இருக்கிறார்கள். சுற்றியுள்ள கல் சட்டத்தின் தூண்களையே பெல்லினி படத்துக்குள்ளும் தொடர்ந்திருப்பதால், சுவரில் நிஜமாகவே ஒரு அறை திறந்திருப்பதுபோல இருக்கும். நெப்போலியன் காலத்தில் இதைப் பாரிசுக்குத் தூக்கிப் போனார்கள், பின்னர் திரும்பி வந்தது. பெல்லினி எந்த இடத்தை மனதில் வைத்து வரைந்தாரோ அங்கேயே நின்று பார்ப்பது பெரிய மியூசியத்தில் கிடைக்காத விஷயம்.

அங்கிருந்து 1-ம் எண் படகு. எல்லா நிறுத்தத்திலும் நிற்கிற, மெதுவான படகு. அதுதான் வேண்டும். பெருங்கால்வாய் வழியே சான் தோமாவில் இறங்கினால் ஃப்ராரி தேவாலயம் பக்கம்தான். 1516-18ல் டிஷியன் வரைந்த மாதாவின் விண்ணேற்பு, கிட்டத்தட்ட 7 மீட்டர் உயரம். வாசலில் நுழைந்ததும் உடனே முன்னால் ஓடக் கூடாது. தூரத்து வளைவு வழியாக அந்தச் சிவப்பு தெரியும், அதை நோக்கி மெல்ல நடக்க வேண்டும். டிஷியனின் கல்லறையும் இதே தேவாலயத்தில்தான்.

மதியச் சாப்பாடு ஏதாவது ஒரு பாகாரோவில். நின்றுகொண்டே சாப்பிடும் சின்னக் கடை. ரொட்டித் துண்டின் மேல் மீன், காய், பாலாடைக்கட்டி என்று எதையாவது வைத்துத் தருவார்கள், பெயர் சிக்கெட்டி. இத்தாலியில் உட்கார்ந்தால் ஒரு விலை, நின்றால் ஒரு விலை என்பது மாணவர்கள் முதலில் கற்க வேண்டிய பாடம்!

மூன்றாவது, ஃப்ராரிக்கு அடுத்த வாசலான சான் ரோக்கோ. கொள்ளைநோய்க்குக் காவலாக வணங்கப்பட்ட புனிதரின் பெயரில் இயங்கிய சபையின் கட்டிடம். 1564-ல் ஒரு கூரை ஓவியத்துக்குப் போட்டி வைத்தார்கள். மற்றவர்கள் மாதிரிப் படம் தயார் செய்துகொண்டிருக்க, டின்டொரெட்டோ முழு ஓவியத்தையும் வரைந்து கூரையில் பொருத்திவிட்டு, அன்பளிப்பு என்று சொல்லிவிட்டார். இலவச சாம்பிள் கொடுத்துச் சந்தையைப் பிடிக்கும் உத்தி! 1577-ல் ஆண்டுக்கு 100 டுகாட் வாழ்நாள் ஊதியம் என்று ஒப்பந்தமே ஆகிவிட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கட்டிடத்தை நிரப்பினார். கூரையைப் பார்க்கக் கையில் கண்ணாடி தருகிறார்கள், கழுத்து வலிக்காது. ஆனால் நேரத்தை வைக்க வேண்டியது 1565-ன் சிலுவையேற்றத்தில். 12 மீட்டர் அகலம். சிலுவையைத் தூக்குகிறவன், கயிறு இழுக்கிறவன், குழி தோண்டுகிறவன் எல்லோரும் ஏதோ சாதாரண வேலை நாள் போல உழைத்துக்கொண்டிருப்பது பத்து நிமிடம் கழித்துத்தான் கண்ணில் படும். பட்டபின் அங்கிருந்து நகர மனம் வராது.

மாலையில் ஸாத்தெரே கரையில் தண்ணீரைப் பார்த்தபடி ஒரு மணி நேரம். அவ்வளவுதான் நாள். சில தேவாலயங்கள் மதியம் மூடும், ஞாயிறு காலை பூசை நேரத்தில் பார்வையாளர்களை விடமாட்டார்கள். முதல் நாளே நேரம் பார்த்துக்கொள்வது நல்லது.

ஏன் தனியாக?

நாலு பேர் போனால் நாலு பசி, நாலு கால் வலி. ஒருவருக்குப் பிடித்த படத்தின் முன் இன்னொருவர் கடிகாரம் பார்ப்பார். அவருக்காக இவர் நகர்வார், மரியாதை. தனியாகப் போகிறவருக்கு அந்தக் கடன் இல்லை. "இந்தப் படம் பிடிக்கவில்லை" என்று வெளியே வரவும் உரிமை உண்டு. பக்கத்தில் பகிர ஆள் இல்லையே என்ற குறை இருக்கத்தான் செய்யும். அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

ஊரின் கணக்கு

இரட்டைப் பதிவு முறையை விளக்கி லூகா பசியோலி எழுதிய புத்தகம் 1494-ல் அச்சானது வெனிஸில்தான். ஆகவே அந்த ஊரைப் பற்றிப் பேசும்போது மறுபக்கப் பதிவையும் எழுதியாக வேண்டும்.

பழைய நகரில் 1950-களின் தொடக்கத்தில் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். 2022-ல் அது 50,000க்குக் கீழே போய்விட்டது. வாடகையும் விலைவாசியும் சுற்றுலாவுக்கு ஏற்ப மாற, ஊர்க்காரர்கள் வெளியேறுகிறார்கள். ஒரு நாள் வந்து போகிறவர்களிடம் 2024-ல் 29 நாட்களுக்கு 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கினார்கள். 2025-ல் 54 நாட்கள், தாமதமாகப் பதிவு செய்தால் 10 யூரோ. மாநகராட்சி எல்லைக்குள் தங்குகிறவருக்கு விலக்கு உண்டு. கரையில் உள்ள மெஸ்த்ரேயும் அதே எல்லைதான் என்பது பட்ஜெட் பயணிகளுக்கு நல்ல செய்தி.

இந்தக் கட்டணத்தில் ஒரு குறை இருக்கிறது. சான் மார்கோவில் இரண்டு மணி நேரம் மொய்த்துவிட்டுப் போகிறவருக்கும், தேவாலயத்தின் சிறு நுழைவுச் சீட்டு வாங்கி, தெருக்கோடிக் கடையில் சாப்பிட்டு, நாள் முழுக்க நடக்கிறவருக்கும் ஒரே 5 யூரோ. கட்டணம் தலையை எண்ணுகிறது, நடத்தையை எண்ணவில்லை. அந்த வேலையைப் பயணிதான் செய்ய வேண்டும்.

"அவ்வளவு தூரம் போய் டோஜ் மாளிகை பார்க்கவில்லையா?" என்று ஊரில் கேட்பார்கள். கேட்கட்டும். மாளிகை மோசம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. பத்து இடங்களை அவசரமாகப் பார்த்தவரும் மாலையில் பலவற்றை விட்டுவிட்டுத்தான் ரயில் ஏறுகிறார். எதை விடுவது என்பதை அவருக்காகக் கடிகாரம் முடிவு செய்கிறது. மெதுவாகப் போகிறவர் அதை முதல் நாள் இரவே தானே முடிவு செய்துவிடுகிறார்.