யாருடைய 'நம் தொழில்'?

இருபது ரூபாய்க்குக் குறைந்த சிகரெட் லைட்டரை இறக்குமதி செய்யக்கூடாதென்று 2023 ஜூனில் ஒன்றிய அரசு தடை போட்டது. சீன லைட்டரிடமிருந்து 'நம் தொழில்' பிழைத்ததாம். பிழைக்கட்டும். தீப்பெட்டி போனால் சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டிப் பெண்களின் அடுப்பும் அணையும். தடையை நான் எதிர்க்கவில்லை. 'நம்' என்கிற சொல்லில்தான் சந்தேகம்.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் முப்பதுக்கும் மேற்பட்டோர் கருகிச் செத்தார்கள். அது மட்டும் 'விபத்து' ஆகிப்போச்சு. லாபம் வந்தால் தேசத்தின் தொழில்; உடம்பு வெந்தால் கூலிக்காரன் தலையெழுத்து. இது என்ன கணக்கு?

வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து பார்க்கிறேன். ஆலைக்காரருக்குச் சரக்கின் பேரில் கடன்; குச்சி அடைக்கிற அக்காவுக்குக் காதுக் கம்மலின் பேரில்.

தொழிலாளிக்கு எதிரிகள் இரண்டு, பார்ப்பனியமும் முதலாளியமும் என்று 1938-இல் மன்மாட்டில் ரயில்வேத் தொழிலாளர்களிடம் சொன்னார் அம்பேத்கர். இப்போது மூன்றாவதாகச் சீனாக்காரனைக் காட்டுகிறார்கள். அவனைப் பார்க்கிற நேரத்தில் பக்கத்தில் இருக்கிற இரண்டையும் மறந்துவிடுவோம் என்கிற நம்பிக்கை.

தோழர்களே, வணிகப் பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். 'நம்' என்று வருகிற இடத்திலெல்லாம் கோடு போடுங்கள். தடையால் கூலி எத்தனை ரூபாய் கூடுச்சு என்று கேளுங்கள். பதில் வராத இடத்தில், அந்த 'நம்'முக்குள் நம்ம தெரு இல்லை.