பேணுவோர் எங்கே?

விழா எடுப்பதில் தமிழனுக்கு நிகர் தமிழனே. நூல் வெளியீடு என்றால் மாலை உண்டு, பொன்னாடை உண்டு, வாழ்த்துரை உண்டு. கணினித் துறைக்குள் நுழைந்தபோதும் நாம் அந்த வழக்கத்தைக் கைவிடவில்லை. ஏப்ரல் மாதம் வந்தால் புதுச் செயலி, புது இணையத்தளம் என்று எத்தனையோ தொடக்கி வைக்கப்பெறுகின்றன. அவற்றுள் பலவற்றிற்கு நானும் முன்வரிசையில் அமர்ந்து கைதட்டியவன்தான். மூன்றாண்டு கழித்து அவற்றுள் எத்தனை இயங்குகின்றன என்று கேட்டுப் பாருங்கள். அவையில் அமைதி நிலவும். அந்த அமைதியைக் கலைக்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டாக நான் கொள்வது, தமிழாசிரியர் அவையில் எவரும் வாய்திறந்து பேசியிராத ஒன்று: லினக்ஸ் இயங்குதளத்தின் கெர்னல் எனப்படும் கருப்பகுதியில் உள்ள யு.எஸ்.பி. இயக்கிகள். பெயரைப் பார்த்ததும் பக்கத்தைப் புரட்ட எண்ணும் நண்பர் சற்றுப் பொறுத்தருள்க.

2025-ஆம் ஆண்டு நவம்பர் விடுமுறையில், பள்ளியின் பண்டக அறையைத் துப்புரவு செய்தோம். விண்டோஸ் 10-க்கு அதன் நிறுவனம் வழங்கிவந்த ஆதரவு அவ்வாண்டு அக்டோபர் 14-ஆம் நாள் முடிந்திருந்தது. பழையன கழிதல் எங்கும் நடந்துகொண்டிருந்த காலம். ஒரு பெட்டியில் முப்பத்தொரு வெப்கேம்கள் கிடந்தன. வாய்மொழித் தேர்வுக்கு ஆயத்தமாகும் பிள்ளைகள் தம் பேச்சைத் தாமே கண்டு திருத்திக்கொள்ளட்டும் என்று ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் வாங்கியவை. அவற்றில் பழுது ஏதுமில்லை. ஆயினும் புதிய கணினிகள் அவற்றை ஏற்க மறுத்தன. விற்ற நிறுவனத்திற்கு முன்பே எழுதிக் கேட்டதற்கு, அந்த மாதிரிக்கு ஆதரவு நிறுத்தப்பட்டது, புதிய மாதிரியை வாங்குக என இரண்டே வரியில் மறுமொழி வந்திருந்தது. மின்னணுக் கழிவுத் தொட்டிக்குச் செல்லவிருந்த பெட்டியைத் தூக்கிய உயர்நிலை மூன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன், “ஐயா, இதை நாளை வரை வைத்திருங்கள்” என்றான். மறுநாள் தன் பழைய மடிக்கணினியைக் கொணர்ந்து ஒரு வெப்கேமைச் செருகினான். சிறு விளக்கு எரிந்தது. திரையில் என் வியப்புற்ற முகம் தெரிந்தது. அவன் கணினியில் இருந்தது லினக்ஸ்.

நிகழ்ந்தது மாயமன்று. கருவி ஒன்று செருகப்பட்டதும் ‘நீ யார்?’ என்று கணினி வினவுகிறது. கருவி இரண்டு எண்களை விடையாகத் தருகிறது: ஒன்று செய்த நிறுவனத்தின் எண், மற்றொன்று மாதிரியின் எண். இயங்குதளம் தன் பட்டியலில் அவ்வெண்களைத் தேடி, அக்கருவியின் மொழி அறிந்த இயக்கியை அழைத்து அதன் பொறுப்பில் ஒப்படைக்கிறது. விசைப்பலகையும் சுட்டியும் எல்லா நிறுவனத்தாரும் ஒப்பிய பொதுமொழி பேசுபவை. பழைய வெப்கேம்களோ ஆளுக்கொரு மொழி பேசின. அம்மொழிகளை உலகுக்குச் சொல்ல நிறுவனங்கள் முன்வரவில்லை. கற்றுக்கொண்டு எழுதியவர் யார் தெரியுமா? மிஷேல் க்ஸார்ட் என்னும் பிரெஞ்சு மருத்துவர். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக எஞ்சிய நேரத்தில் எழுதி, 2007-ஆம் ஆண்டளவில் 235 வகை வெப்கேம்களை லினக்ஸில் இயங்கச் செய்திருந்தார். அவர் தொடங்கிய பணியை ழான்-பிரான்சுவா முவான் என்பார் சீர்படுத்த, 2008-ஆம் ஆண்டு 2.6.27-ஆம் பதிப்பில் அது கெர்னலுக்குள் சேர்ந்தது. பின்னர் வேறு கைகளுக்குச் சென்றது. எங்கள் பெட்டியைக் காத்தவர்கள் இவர்கள்தாம். இவர்களுள் எவருக்கும் எங்கள் பள்ளி ஒரு காசும் தரவில்லை.

‘ஒருமுறை எழுதிவிட்டால் முடிந்ததே, பேணுவதற்கு என்ன இருக்கிறது?’ எனக் கேட்பார் உளர். இவ்வினாவில்தான் நம் அறியாமை முழுவதும் அடங்கியிருக்கிறது. கருவி மாறாது, அதைச் சுற்றியுள்ள அனைத்தும் மாறும். லினக்ஸ் கெர்னல் ஒன்பது பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பாக வெளிவருகிறது. 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதன் நிரல் 4 கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. அதில் பாதிக்கு மேல் இயக்கிகளே. உட்சுவர் ஒன்று நகர்ந்தால் அதனோடு கதவின் கீலும் நகர வேண்டும். நகர்த்துவார் இல்லாத இயக்கி, கருவி நன்றாயிருக்கும்போதே செத்துப்போகும். மூடிய பெட்டிக்குள் நிறுவனம் வைத்திருக்கும் இயக்கிக்கு நேர்வது இதுவே.

நுணுக்கமும் குறைவன்று. சேமிப்புக் கருவியிடம் ‘உன் இறுதிப் பகுதியின் எண் யாது?’ என்று கேட்பது மரபு. எண்ணுதல் சுழியில் தொடங்குவதால் ஆயிரம் பகுதி உடைய கருவி 999 என்று விடை தர வேண்டும். நிக்கான் முதலிய நிறுவனங்களின் கேமராக்கள் சில, மொத்தத் தொகையாகிய ஆயிரத்தையே சொல்லிவிட்டன. இல்லாத அந்தப் பகுதியைக் கணினி படிக்க முயலும். கருவி திகைத்து நின்றுவிடும். இத்தகைய பிழைகளுக்கென்றே கெர்னலில் ஒரு கோப்பு உண்டு. வழக்கத்திற்கு மாறான கருவிகள் என்பது அதன் பெயரின் பொருள். இன்ன நிறுவனம், இன்ன மாதிரி, இதன் சொல்லில் ஒன்றைக் கழித்துக்கொள்க என்று பதிவுகள் இருக்கின்றன; பலவற்றின் மேல் அக்குறையைக் கண்டு தெரிவித்தவரின் பெயரும் காணப்படுகிறது. பாடவேறுபாடு குறித்த பதிப்பாசிரியரின் அடிக்குறிப்பைப் படிப்பது போல் அதைப் படித்தேன்.

2014-ஆம் ஆண்டு அக்டோபரில் நிகழ்ந்ததையும் சொல்ல வேண்டும். எஃப்.டி.டி.ஐ. என்னும் நிறுவனம் யு.எஸ்.பி. இணைப்புச் சில்லுகளைச் செய்வது. அச்சில்லுகளுக்குப் போலிகள் பெருகின. விண்டோஸுக்கு வந்த அதன் புதிய இயக்கி, போலி எனக் கண்ட சில்லின் மாதிரி எண்ணைச் சுழியாக மாற்றி எழுதியது. அதன்பின் அச்சில்லைக் கணினி அறியாது. வாங்கியவருக்கோ தம்மிடம் இருப்பது போலி என்பதே தெரியாது. எதிர்ப்பு எழுந்தபின் அவ்வியக்கி திரும்பப் பெறப்பட்டது. லினக்ஸைப் பேணுவோர் என்ன செய்தனர்? சுழி எண் உடைய சில்லையும் ஏற்றுக்கொள்ளுமாறு தம் இயக்கியின் பட்டியலில் ஒரு பதிவைச் சேர்த்தனர். போலிக்கு நான் பரிந்து பேசவில்லை. விற்றவனை விட்டுவிட்டு வாங்கியவனின் கருவியைக் குத்திக் கொல்வது என்ன நீதி என்றே கேட்கிறேன்.

நம் ஊரின் கதைக்கு வருவோம். தம்டிரைவ் என்ற பெயரை உலகுக்குத் தந்தது சிங்கப்பூர். டிரெக் 2000 நிறுவனம் 2000-ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹனோவர் நகரில் நடந்த கண்காட்சியில் அதை வைத்தது. முதலில் கண்டவர் யார் என்று நாடுகள் பலவற்றில் வழக்குகள் நடந்தன. அந்தப் பெருமையை நாமும் மேடைதோறும் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் கையளவு எந்தச் சேமிப்புக் கருவியைச் செருகினாலும் லினக்ஸ் கணினி அதை ஏற்கிறதே, அந்த இயக்கியைக் காப்பவர் யார் என்று நம்முள் எவரேனும் கேட்டதுண்டா? ஆலன் ஸ்டெர்ன் என்பார் அதைக் காத்து வருகிறார். கண்டதற்கு வழக்காடியவர் பலர்; காப்பதற்கு வழக்காடியவர் ஒருவரும் இலர்.

‘பழையதைத் தூக்கியெறிந்து புதியதை வாங்கினால் போயிற்று’ என்பார்க்கு ஒரு கணக்கு. இந்தச் சிறு தீவு ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 டன் மின்னணுக் கழிவை உண்டாக்குகிறது என்பது தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மதிப்பீடு. உற்பத்தியாளரையே பொறுப்பாக்கும் திட்டம் 2021-ஆம் ஆண்டு ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது, நன்று. ஆனால் அத்திட்டம் செத்த கருவியை எடுத்துச் செல்வது, சாகாதிருக்கச் செய்வதன்று. லிட்டில் இந்தியாவின் ஓரத்தில் சுங்கை ரோட்டுச் சந்தை இருந்தவரை, நம்மவர் எறிந்ததை ஒரு முதியவர் துடைத்து விற்றார், இன்னொருவர் பேரம் பேசி வாங்கினார். 2017-ஆம் ஆண்டு ஜூலை 10-இல் அதையும் மூடியாயிற்று.

பேணுதல் தமிழர்க்கு அயலானதா? உத்திரமேரூர்க் கல்வெட்டை வகுப்பில் நடத்தாத ஆசிரியர் இரார். குடவோலை முறை என்று சொல்லி, ‘உலகுக்கே மக்களாட்சி தந்தோம்’ என்று முழங்கிவிட்டு அடுத்த பாடத்திற்குச் சென்றுவிடுகிறோம். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற அக்கல்வெட்டுகள் எதற்காக ஆள் தேர்ந்தெடுத்தன என்று பாருங்கள். ஏரி வாரியம், தோட்ட வாரியம்! புதிய ஏரி வெட்டுவதற்கன்று. இருக்கும் ஏரியைக் காப்பதற்கு அறுவர், ஓராண்டுக்கு. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் குடவோலைக்குத் தகுதியற்றவர். ஏரி காத்தலை ஊரின் மதிப்புக்குரிய பதவியாக வைத்திருந்த இனம் நாம்.

கெர்னலிலும் அத்தகைய பட்டியல் ஒன்று உண்டு. ஒவ்வொரு பகுதிக்கும் பேணுவோர் பெயர் எழுதப்பட்டிருக்கும்: யு.எஸ்.பி. பகுதி முழுமைக்கும் கிரெக் குரோ-ஹார்ட்மன், தொடர்முனை இயக்கிகளுக்கு யோகன் ஹோவோல்ட் என்றவாறு. பேணுவார் அற்ற பகுதிக்கு எதிரே ‘அநாதை’ என்று பொருள்படும் ஒற்றைச் சொல் நிற்கும். கம்பியில்லா யு.எஸ்.பி. என்று பெருமுழக்கத்தோடு வந்த ஒன்று, பயன்படுத்துவாரும் பேணுவாரும் இன்றி, 2020-ஆம் ஆண்டு 5.7-ஆம் பதிப்பில் நீக்கப்பட்டது. காவலற்ற இயக்கி வெறும் குப்பையுமன்று. கள்வன் நுழையும் வாயில். 2017-ஆம் ஆண்டு நவம்பரில் ஆந்திரேய் கொனொவாலோவ் என்னும் ஆய்வாளர் லினக்ஸ் யு.எஸ்.பி. இயக்கிகளில் 14 பாதுகாப்புக் குறைகளை ஒரே அறிக்கையில் வெளியிட்டார். தீய நோக்கோடு செய்த கருவியைச் செருகினாலே போதும், அவை வெளிப்படும்.

அவ்வுலகம் பொன்னுலகம் என்று நான் புனையவில்லை. யு.எஸ்.பி. 3.0-க்கு உலகில் முதன்முதல் ஆதரவு தந்த இயங்குதளம் லினக்ஸ், 2009-ஆம் ஆண்டு. அதற்கான இயக்கியை எழுதிய சேஜ் ஷார்ப், 2015-ஆம் ஆண்டு, அங்கு நிலவிய கடுஞ்சொல் வழக்கைக் காரணம் காட்டி வெளிப்படையாக விலகினார். மூன்றாண்டு கழித்து, 2018-இல், லினஸ் டோர்வால்ட்ஸ் தம் நடத்தைக்கு வருத்தம் தெரிவித்தார். பிரம்பைக் கையில் வைத்திருந்த தலைமுறை ஆசிரியர்களுக்கு இதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

‘இவற்றில் தமிழாசிரியருக்கு என்ன வேலை?’ என்பதே என்னிடம் மிகுதியும் கேட்கப்படும் வினா. சங்கக் கூட்டத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். அவருக்கு அன்று சொல்லாத விடையை இங்குச் சொல்கிறேன்.

முப்பத்தொன்றில் இருபத்தேழு உடனே இயங்கின. நான்கு இயங்கவில்லை, அவற்றின் மாதிரி எண் பட்டியலில் இல்லை. மாணவன் அவ்வெண்ணைச் சேர்த்து ஆய்ந்து, பேணுவோர்க்கு எழுதினான். திருத்தம் கேட்டுத் திரும்பியது. நிரலில் பிழை இல்லை; உடன் எழுதிய விளக்கத்தில்தான் குறை. எது இயங்கவில்லை, ஏன், எவ்வாறு அறிந்தாய், மாற்றியபின் எதை எதைச் செய்து பார்த்தாய் என்று கேட்டிருந்தார்கள். அவன் கணினி ஆசிரியரிடம் போகவில்லை, என்னிடம் வந்தான். விளக்கம் ஆங்கிலத்தில்தான் செல்ல வேண்டும். ஆயினும் நானும் அவனும் தமிழில்தான் பேசினோம்: ‘இந்த வாக்கியத்திற்குச் சான்று எங்கே?’, ‘இச்சொல் இல்லாவிட்டால் என்ன குறையும்?’. பரிமேலழகரை நடத்தும்போது நான் கேட்கும் வினாக்களும் அவையே. பிறர் எழுதியதைப் பணிவோடு படித்தல், குறை கண்டவிடத்து ஒரு சொல்லை மட்டும் திருத்தல், திருத்தியதற்குக் காரணம் கூறல், தன் பெயரைக் கீழே எழுதிப் பொறுப்பேற்றல்: உரையாசிரியரும் பதிப்பாசிரியரும் செய்த பணி இதுவன்றி வேறென்ன? செயற்கை அறிவே எல்லாம் எழுதிவிடும் என்பவர்க்கும் ஒரு சொல்: அந்த நான்கு வெப்கேம்களும் இருப்பது எங்கள் பெட்டியில். செருகிப் பார்க்க ஒரு கை வேண்டும்.

சொல்லளவிலும் நமக்கு உறவுண்டு. இயக்கி என்ற சொல்லைக் கலைச்சொல் ஆக்கியவர் நினைத்தாரோ இல்லையோ, சிலப்பதிகாரத்தில் மாதரி பால் படைத்து வழிபட்டுத் திரும்பியது இயக்கியைத்தான். தென்பாண்டி நாட்டில் இன்றும் ஊர்க்காவலுக்கு நிற்பவள் அவளே.

ஆகவே உடன்பணியாற்றும் நண்பர்களிடம் நான் கேட்பது பெரிதன்று. புதுச் செயலிப் போட்டி நடத்தும் பள்ளிகள், பழுதுற்ற ஒன்றைச் சீர்செய்து காத்த மாணவனையும் அதே மேடைக்கு அழைக்கட்டும். உத்திரமேரூரை நடத்தும் ஆசிரியர், ஏரி வாரியத்திற்கும் பத்து நிமிடம் ஒதுக்கட்டும். விழாக்குழுவினர் அடுத்த செயலியை வெளியிடுமுன், மூன்றாம் ஆண்டில் அதைக் காப்பவர் பெயரை அழைப்பிதழிலேயே அச்சிடட்டும்.

திருத்திய விளக்கத்தோடு மாணவன் மீண்டும் அனுப்பியிருக்கிறான். இதை எழுதும் நாள்வரை விடை வரவில்லை. இதனிடையே பரிசளிப்பு விழாவுக்கான பட்டியல் என் மேசைக்கு வந்தது. கட்டுரை, பேச்சு, கதை, கவிதை, புத்தாக்கம் என்று ஐந்து தலைப்புகள். அவன் பணியை எதன்கீழ் எழுதுவது என்று அலுவலக உதவியாளர் கேட்டார். ஆறாவதாக ஒரு கோடு கிழித்து, ‘பேணுதல்’ என்று என் கையால் எழுதிக் கொடுத்தேன்.