தெரிந்த ஸ்டெப்பை எழுதுங்கள்



சாரல் தொடங்கினால் போதும், "சார், அருவியில தண்ணி விழுதா?" என்று கேட்பீர்கள். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. மெயினருவியில் விழுவது நம் சிற்றாறு. தென்காசி வழியாக ஓடி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் சேர்கிறது. அதைத்தான் கீழே உள்ள ஊர்கள் குடிக்கின்றன.

யானைப்பாலத்தில் நின்று பாருங்கள். ஆற்றோடு சாக்கடையும் ஓடுகிறது. கேட்டால் ஒரே பதில்: "எப்போ எவ்வளவு தண்ணி வரும், எத்தனை பேர் வருவாங்கன்னு நிச்சயமில்ல. முழு ஆய்வு முடியட்டும்."

நிச்சயமில்லைதான். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயதுப் பையனைக் கொண்டுபோனது. கோடையில் அதே அருவிகளில் பாறைதான் தெரியும். அதற்காகச் சும்மா இருப்பதா? மழை வருமா என்று தெரியாத சம்சாரிதான் முதலில் மடையைச் சரிபார்க்கிறான்.

ஆண்டுச் சராசரி நீரோட்டத்தைக் காட்டித் திட்டம் போடுவதும் ஏமாற்று. ஒரு குடம் சாக்கடை நூறு குடத்தில் கலப்பதும் ஐந்து குடத்தில் கலப்பதும் ஒன்றா? அமெரிக்காவில் பத்தாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய, ஏழு நாள் தொடரும் மிகக் குறைந்த நீரோட்டத்தை வைத்துக் கழிவுக்கு வரம்பு கட்டுகிறார்கள். மோசமான வாரத்துக்குத் தாங்கினால் மற்ற நாளுக்கும் தாங்கும். நம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் குளிக்கும் நீரில் 100 மில்லிக்கு மலக்கிருமி 2,500க்கு மேல் கூடாது என்கிறது. அது கோடைக்கும் சேர்த்துத்தான்.

மழை எப்படிப் பெய்தாலும் வீணாகாத வேலைகள் உண்டு. சாக்கடை ஆற்றில் விழும் இடத்திலேயே மறித்துத் திருப்புங்கள். சுத்திகரிப்பு நிலையத்தைச் சிறிதாகத் தொடங்கி, பின்னால் கூட்ட இடம் விடுங்கள். சீசனில் கூட்டம் அதிகமுள்ள நாளைக் கணக்கிட்டுக் கழிப்பறை கட்டுங்கள். மாதாமாதம் தண்ணீரைச் சோதித்து, முடிவை ஆற்றங்கரையில் போர்டில் எழுதுங்கள். அடுத்த கட்டத்தை அந்த எண்களே சொல்லும்.

அருவியில் சோப்பு, ஷாம்பு கூடாதென்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தடை போட்டது. சோப்பைத் தடுக்க முடிந்த நமக்குச் சாக்கடையைத் தடுக்க முடியாதா?

என்னிடம் படித்தவர்களில் இன்ஜினியர்கள் உண்டு, கவுன்சிலர்கள் உண்டு. விடை தெரியவில்லை என்று வெற்றுத்தாள் கொடுத்தவனுக்கு நான் மார்க் போட்டதில்லை. "தெரிந்த ஸ்டெப்பை எழுதுடா, அதற்கு மார்க் உண்டு" என்பேன். இன்றும் அதையேதான் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய கணக்கு சார்