போர்டு போச்சு சார்!

“போர்டு போச்சு சார்.” நீங்களும் இதைக் கேட்டிருப்பீர்கள். இல்லையென்றால் இனிமேல் கேட்பீர்கள். ராத்திரி கரண்ட் போகிறது, பத்து நிமிஷத்தில் வருகிறது. ஃபேன் சுற்றுகிறது, ஃபிரிட்ஜ் ஓடுகிறது. டிவி மட்டும் கம்மென்று கிடக்கிறது. ஓரத்தில் எப்போதும் எரியுமே ஒரு சிவப்பு விளக்கு, அதுகூட இல்லை.

எங்கள் வீட்டில் நடந்ததும் இதுதான். அம்மாவுக்கு முட்டி வலி, வெளியே போவதே இல்லை. காலையில் சுப்ரபாதம், மத்தியானம் செய்தி, ராத்திரி ஏதாவது ஒரு பழைய படம். நாங்கள் எல்லோரும் வேலைக்குக் கிளம்பிய பிறகு வீட்டில் அவருக்குப் பேச்சுத்துணை அந்த டிவிதான். கம்பெனி சர்வீஸுக்கு ஃபோன் செய்தேன். ஆள் வந்தார். ரிமோட்டை அமுக்கினார். பிளக்கை வேறு பாயின்ட்டில் சொருகிப் பார்த்தார். பின்மூடியில் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடவில்லை. “போர்டு போச்சு சார். இந்த மாடலுக்கு இப்ப போர்டு வர்றதில்ல. புதுசே வாங்கிடுங்க, எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் ஓடுது” என்றார். வந்துபோனதற்கு பில் போட்டார். கிளம்பிவிட்டார்.

என்ன போச்சு? ஏன் போச்சு? அந்தப் போர்டில் நூற்றுக்கணக்கான உருப்படிகள் இருக்கின்றனவே, அதில் எது போச்சு? பதில் கிடையாது. வந்தவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சின்னப் பையன். ஒரு நாளைக்கு இத்தனை வீடு முடிக்க வேண்டும் என்று கணக்கு கொடுத்து அனுப்புகிறார்கள். பையில் மீட்டர்கூட இல்லை. மூடியைத் திறந்து பார் என்று அவரிடம் யாரும் சொல்லவும் இல்லை, அதற்குச் சம்பளம் தரவும் இல்லை. அப்படிச் சொல்லாமல் அனுப்புகிறவர்கள் மேல்தான் என் ஆத்திரமெல்லாம்.

நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவன். மீட்டர் பிடிக்கத் தெரியும். அதனால் நானே திறந்தேன். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டோம், இனி பயமில்லை என்று யாரும் நினைக்காதீர்கள். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ஏசி, போர்டுக்குள் டிசியாக மாறும்போது சுமார் 325 வோல்ட் ஆகிவிடும். உள்ளே கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு பெரிய கண்டென்சர் இருக்கும். பிளக்கை எடுத்த பிறகும் அத்தனை வோல்ட்டையும் அது பிடித்து வைத்திருக்கக்கூடும். விவரம் தெரிந்த மெக்கானிக் முதலில் ஒரு பல்பை வைத்து அதை வடித்துவிட்டு, மீட்டரில் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போர்டில் கை வைப்பார். பழக்கம் இல்லாதவர்கள் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். உயிர் போகிற விஷயம்.

ஃபியூஸைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. ஃபியூஸ் கறுத்து வெடித்திருந்தால் கதை வேறு. பிரிட்ஜ் டயோடு, மாஸ்ஃபெட் மாதிரி ஏதாவது ஒரு பார்ட் ஷார்ட் ஆகியிருக்கும், புது ஃபியூஸ் போட்டாலும் அடுத்த நொடி போய்விடும். இங்கே அது இல்லை. பெரிய கண்டென்சரில் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. ஆக, கரண்ட் உள்ளே வருகிறது. போர்டின் நடுவே பட்டையாக ஒரு கோடு அச்சடித்திருக்கும். அதற்கு இந்தப் பக்கம் தொட்டால் ஷாக் அடிக்கிற ஹாட் சைடு, அந்தப் பக்கம் டிவியை இயக்குகிற கோல்டு சைடு. கோல்டு சைடில் ஸ்டாண்ட்பைக்கு 5 வோல்ட் வர வேண்டும். அந்த 5 வோல்ட்டில்தான் சிவப்பு விளக்கு எரியும், ரிமோட் அமுக்கினால் செட் எழுந்திருக்கும். என் மீட்டரில் இரண்டு சொச்சம் காட்டி ஆடிக்கொண்டிருந்தது.

மீட்டருக்கு முன்பே கண்ணுக்கே தெரிந்திருக்கும். 1000 மைக்ரோஃபாரட், 10 வோல்ட் கண்டென்சர் ஒன்று. தட்டையாக இருக்க வேண்டிய மேல்மூடி பூரி மாதிரி உப்பி நின்றது. உள்ளே இருக்கும் திரவம் சூட்டில் காய்ந்துகொண்டே வந்து, வாயு சேர்ந்து, மூடியைத் தள்ளியிருக்கிறது. ஏதோ கரண்ட் போய் வந்ததால் டிவி போச்சு என்று நாம் இ.பி.காரர்களைத் திட்டுகிறோம். ஆனால் அந்தக் கண்டென்சர் எப்போதோ போக ஆரம்பித்துவிட்டது. காய்ந்த கண்டென்சர், சூடாக ஓடிக்கொண்டிருக்கும்வரை எப்படியோ தள்ளாடி ஓடும். ஒரு தடவை அணைந்து குளிர்ந்துவிட்டால் திரும்ப எழுப்பத் தெம்பு இருக்காது. கரண்ட் கட் ஆனபோதுதான் நமக்குத் தெரியவருகிறது, அவ்வளவுதான்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் அதே 1000 மைக்ரோஃபாரட், ஆனால் 25 வோல்ட் தாங்குகிறதாக, 105 டிகிரி ரகமாகப் பார்த்து வாங்கினேன். விலை பத்துப் பதினைந்து ரூபாய்க்குள். பழசை உருக்கி எடுத்துவிட்டு, பிளஸ் மைனஸ் பார்த்து ஈயம் வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. அம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயிறு எரிந்தது. இந்தப் பதினைந்து ரூபாய்க்கா ஒரு டிவியைத் தூக்கி எறியச் சொன்னார்கள்?

அந்தக் கண்டென்சர் எங்கே இருந்தது தெரியுமா? கொதிக்கிற ஹீட் சிங்க்கை ஒட்டி. இந்த ரகக் கண்டென்சர்களுக்கு ஆயுள் எழுதியே கொடுத்திருப்பார்கள். 105 டிகிரி சூட்டில் 2000 மணி நேரம் என்பது சாதாரண ரகம். சூடு ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் ஆயுள் இரட்டிப்பாகும். கணக்குப் போடுங்கள். 85 டிகிரியில் உட்கார்ந்திருந்தால் 8000 மணி நேரம். தினம் ஐந்து மணி நேரம் டிவி பார்க்கிற வீட்டில் அது நாலரை வருஷத்துக்குக்கூட வராது. அதே கண்டென்சர் 65 டிகிரியில் இருந்திருந்தால் 32,000 மணி நேரம், பதினேழு வருஷம். இரண்டு விரல்கடை தள்ளி வைத்திருந்தால் போதும். வேண்டுமென்றே சாகடிக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கணக்கு தெரியாமலா ஒரு இன்ஜினியர் போர்டு வடிவமைக்கிறார்? வாரண்டி ஒரு வருஷம். அதைத் தாண்டினால் போதும் என்று யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து முடிவு செய்கிறார். அந்த முடிவுக்கு நாம் இஎம்ஐ கட்டுகிறோம்.

என் டிவியிலாவது பவர் சப்ளை தனிப் போர்டு. இப்போது வருகிற விலை குறைந்த செட்டுகள் பலவற்றில் பவர், மெயின், பேக்லைட் டிரைவர் எல்லாமே ஒரே போர்டு. ஒரு மூலையில் டயோடு போனால் மொத்தத்தையும் மாற்று என்பார்கள். சரி, மெக்கானிக்கிடம் கொண்டுபோகலாம் என்றால் அவருக்கு சர்க்யூட் படம் கிடையாது. அந்தக் காலத்து ரேடியோக்கள் சிலவற்றில் பின்மூடியிலேயே படத்தை ஒட்டிக் கொடுப்பார்கள். காசு கொடுத்து பொருளை வாங்கியவனுக்கு அதன் உள்விவரம் சொந்தம் என்று அன்றைக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்கு ஏன் அது ரகசியம்?

எங்கள் தெருமுனையில் ஒரு டிவி மெக்கானிக் அண்ணன் இருந்தார். 2006இல் தமிழக அரசு இலவச கலர் டிவி கொடுக்க ஆரம்பித்த பிறகு அவர் கடையில் கூட்டம் நிற்கும். பிக்சர் டியூப் டிவியை முதுகுப்பக்கம் திறந்துவைத்து, எந்த இடத்தில் எத்தனை வோல்ட் வர வேண்டும் என்று மனப்பாடமாகச் சொல்வார். இன்றைக்கு அதே கடையில் மொபைல் கவர் விற்கிறார். “தம்பி, பேனல் உடைஞ்ச டிவி கிடைச்சா அதுல இருந்து கழட்டின போர்டைப் போட்டுத் தரலாம். கம்பெனில கேட்டா ஒரு ஐசி கூடக் கொடுக்க மாட்டேங்கறாங்க. படம் இல்லாம, பார்ட்ஸ் இல்லாம நான் என்னத்த பார்க்கறது?” முப்பது வருஷக் கைத்தொழில். அந்த மனிதரின் விரல்களில் இருக்கிற அறிவுக்கு இந்த நாட்டில் வேலை இல்லாமல் செய்துவிட்டோமே, இதைக் கேட்க யாராவது இருக்கிறார்களா?

முடியாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். ஐரோப்பிய யூனியனில் 2021 மார்ச் 1 முதல் சட்டமே இருக்கிறது. ஒரு மாடலின் கடைசி டிவி சந்தைக்கு வந்த பிறகும் ஏழு வருஷத்துக்கு, பழுது பார்ப்பவர்களுக்கு உதிரி பாகம் கொடுத்தாக வேண்டும். அந்தப் பட்டியலில் உள்ளே இருக்கும் பவர் சப்ளை வருகிறது. 400 மைக்ரோஃபாரட்டுக்கு மேற்பட்ட கண்டென்சர்கள் என்று தனியாகவே எழுதியிருக்கிறார்கள். என் டிவியில் போனது எது? 1000 மைக்ரோஃபாரட். பிரான்ஸில் அதே 2021 ஜனவரியிலிருந்து, கடையில் விற்கிற டிவியின் மேல் ‘இதைப் பழுது பார்ப்பது எவ்வளவு சுலபம்’ என்று பத்துக்கு மார்க் ஒட்டினார்கள். அங்கே விற்கிற கம்பெனிகள் பலவும்தான் இங்கேயும் விற்கின்றன. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை?

நம் ஊரிலும் பேச்சு இருக்கிறது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை ‘ரைட் டு ரிப்பேர்’, அதாவது பழுது பார்க்கும் உரிமை, என்று ஒரு குழு போட்டது. அதே வருஷம் டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று அதற்கு ஒரு போர்ட்டல் திறந்தார்கள். சர்வீஸ் சென்டர் விவரம், வாரண்டி விவரம் எல்லாம் அதில் இருக்கும் என்றார்கள். நல்லதுதான். ஆனால் ‘போர்டு வர்றதில்ல சார்’ என்று சொன்ன பையனிடம், சட்டப்படி நீ கொடுத்தாக வேண்டும் என்று காட்ட என் கையில் ஒரு பிரிவு வேண்டும். ஏழு வருஷம் என்று எழுதிய ஒரு வரி வேண்டும். மின்கழிவு விதிகள் 2023 ஏப்ரல் முதல் புதிதாக அமலில் இருக்கின்றன, உடைத்து மறுசுழற்சி செய்யக் கம்பெனிக்கு இலக்கு வைக்கின்றன. உடைப்பதற்கு இலக்கு வைக்கத் தெரிந்தவர்களுக்கு, உடைக்காமல் பிழைக்க வைப்பதற்கு ஒரு இலக்கு வைக்கத் தோன்றவில்லையா?

அதுவரை நம்மால் ஆனதைச் செய்வோம். அடுத்த டிவி வாங்கும்போது இஞ்ச் எத்தனை, தள்ளுபடி எவ்வளவு என்று கேட்பதோடு நிற்காதீர்கள். இந்த மாடலுக்கு எத்தனை வருஷம் போர்டு கிடைக்கும் என்று கேளுங்கள், பதிலை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வருகிறவர் மூடியைத் திறக்காமலே போர்டு போச்சு என்றால் கையெழுத்துப் போடாதீர்கள், எது போச்சு என்று ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்யுங்கள். காயலான் கடைக்குப் போடும் முன் உங்கள் தெரு மெக்கானிக்கிடம் ஒரு முறை காட்டுங்கள். அவர் கேட்கிற கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.