ஜு வே, து வா, இல் வா…

எங்கள் தெருவில் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஒரு கோரஸ் கிளம்பும். "ஜு வே, து வா, இல் வா, நூ ஸலோன், வூ ஸலே, இல் வோன்." பிரெஞ்சில் 'அலே', அதாவது 'போ' என்ற வினை. மாடியில் டியூஷன். அது முடிந்தால் எத்ர், அவுவார், ஃபேர், வெனிர் என்று வரிசையாக வரும். இலக்கணத்துக்கு அடங்காத வினைகளாகவே பொறுக்கி எடுத்து அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்கள். இறங்கி வந்த ஒரு பெண்ணை "ஊ வா து?" என்று கேட்டேன். 'எங்கே போறே' என்பதுதான். பிரெஞ்சில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கிய பெண். சிரித்துக்கொண்டே "அது சிலபஸ்ல இல்ல தாத்தா" என்றது.

அந்தப் பெண்ணைச் சொல்லிக் குற்றமில்லை. மார்க்குக்காகத் தமிழை விட்டுவிட்டு பிரெஞ்சு எடுக்கச் சொன்ன பெற்றோரைச் சொல்ல வேண்டும். அட்டவணையை மொழி என்று விற்கிற டியூஷன்காரர்களை அதைவிட அதிகம் சொல்ல வேண்டும். பிள்ளைக்குத் தமிழும் எழுத வரவில்லை, பிரெஞ்சும் பேச வரவில்லை. 1956 ஒப்பந்தத்தில், மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு செய்கிறவரை இங்கே பிரெஞ்சு ஆட்சிமொழியாக இருக்கும் என்று எழுதிவைத்தார்கள். அது கடைசியில் ஐந்தரை மணி கோரஸாக வந்து நிற்கிறது.

கேட்டால் ஒரு பதில் தயாராக இருக்கும். "தமிழ் மாதிரி இல்லை சார், பிரெஞ்சில் ஒழுங்கே கிடையாது, மனப்பாடம்தான் வழி."

தமிழில் ஒழுங்கு இருக்கிறது என்று இவர்களுக்கு யார் சொன்னது? எடு, எடுத்தான். அப்படியானால் விடு, விடுத்தானா? விட்டான். 'படு' இரண்டு பக்கமும் போகும்: கஷ்டப்பட்டான், பாயில் படுத்தான். நட என்றால் நடந்தான், படி என்றால் படித்தான். சொல், சொன்னான்; நில், நின்றான்; கல், கற்றான். சா என்றால் செத்தான், 'சா' எங்கே போயிற்று? 'வந்தான்' என்பதைப் பகுபத உறுப்பிலக்கணத்தில் பிரித்தபோது, "வா என்பது வ எனக் குறுகியது விகாரம்" என்று எழுதி மார்க் வாங்கியவர்கள்தானே நாமெல்லாம்? சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகன் நம் வினைகளை 13 வகையாகப் பிரித்து எண் போட்டிருக்கிறது. எண்ணைப் பார்த்தா நம் அம்மா நமக்குப் பேச்சுக் கற்றுக்கொடுத்தாள்?

எந்த மொழியிலும் தினமும் வாயில் புழங்குகிற சொற்கள்தான் இப்படி முரண்டு பிடிக்கும். இரு, போ, வா, செய். ஓயாமல் சொல்வதால் பழைய வடிவம் நாக்கில் நிலைத்துவிடுகிறது. எப்போதாவது வருகிற சொல்லை மறந்துபோய்ப் பொது விதிக்குள் தள்ளிவிடுவோம். புதிதாக வருகிற சொல்லோ முதலிலேயே விதிக்குள்தான் பிறக்கிறது. நாம் 'போன் பண்ணு' என்று ஒட்டிக்கொள்வதுபோல, பிரெஞ்சுக்காரர் தெலஃபோனே என்று முதல் வகுப்பு வினையில் சேர்த்துக்கொண்டார். 'அலே' அப்படியில்லை. 'ஜு வே' ஒரு லத்தீன் வினையிலிருந்தும், 'போவேன்' என்கிற 'ஜிரே' இன்னொரு லத்தீன் வினையிலிருந்தும் வந்தவை. 'நூ ஸலோன்' எங்கிருந்து வந்தது என்று பண்டிதர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். அவர்கள் போடட்டும். பிள்ளைக்கு வேண்டியது, அந்த வார்த்தையை ஒரு நாளைக்கு இருபது முறை ஏதாவது ஒரு காரியத்துக்காகச் சொல்வது.

வாய்ப்பாடு மனப்பாடம் செய்யவில்லையா என்பார்கள். செய்தோம். ஆனால் கடையில் ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் ஐம்பத்தாறு என்று நேராக வரும்வரை வாத்தியார் விடவில்லை. இந்தப் பிள்ளைகளிடம் 'நாங்கள் போகிறோம்' என்று கேட்டால் "ஜு வே, து வா, இல் வா" என்று ஏணியின் முதல் படியிலிருந்து ஏறி வர வேண்டியிருக்கிறது. அதற்குள் எதிரில் நிற்கிற ஆள் போய்விடுவார். அட்டவணை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பேசிப் பழகியதைச் சரிபார்க்க அட்டவணை நல்லது. பெஷரெல் புத்தகத்தில் ஆயிரக்கணக்கான வினைகள் இருக்கின்றன. அது புரட்டிப் பார்ப்பதற்கான புத்தகம்.

வீரமாமுனிவர் இத்தாலிக்காரர். இத்தாலியனிலும் 'போ' இதே கூத்துதான்: வாடோ என்றால் போகிறேன், அந்தியாமோ என்றால் போகிறோம். அவர் தமிழ் கற்றபோது செந்தமிழோடு நிற்கவில்லை. ஜனங்கள் பேசுகிற கொடுந்தமிழுக்குத் தனியாக லத்தீனில் இலக்கணம் எழுதினார். அது 1738-ல் தரங்கம்பாடியில் அச்சானது. ஜனங்கள் பேசுவதைக் காதால் கேட்காமல் அப்படி ஒரு புத்தகம் எழுத முடியாது.

அவ்வளவு பெரிய மனிதர் வேண்டாம். நம் ஊர் சொல்தாக்களை நினைத்துப் பாருங்கள். இந்தோசீனா போய்வந்தவர்கள். 'ஒழுங்கற்ற வினை' என்ற பெயரையே கேள்விப்படாதவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். திண்ணையில் உட்கார்ந்து 'ஜு வே', 'ஜிரே' எல்லாம் இடம் தவறாமல் சொல்வார்கள். பட்டாளத்தில் நாக்குக்கு வேலை இருந்தது, வந்தது.

ஆகவே பேரப்பிள்ளைகளை பிரெஞ்சு டியூஷனுக்கு அனுப்புகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மாதம் முடிந்து ஃபீஸ் கட்டப் போகும்போது வாத்தியார் முன்னாலேயே பிள்ளையைக் கேளுங்கள்: நேற்று எங்கே போனாய், யாரோடு போனாய், நாளைக்கு எங்கே போவாய். மூன்றே கேள்வி, மூன்றுக்கும் 'அலே' போதும். பதில் பிரெஞ்சில் வரட்டும், அப்புறம் பணத்தை எடுங்கள். வீட்டில் பிரெஞ்சு தெரிந்த ஆயா, தாத்தா இருந்தால் ஃபீஸ்கூட வேண்டாம். காலையில் காபி கொடுக்கும்போதே ஆரம்பிக்கலாம்.