ஆறு வயதுக் கடைவாய்ப்பல்

"பால் பல்தானே, விழுந்து முளைக்கும்" என்று பிள்ளையின் சொத்தையை அப்படியே விட்டுவிடும் வீடுகளைப் பார்த்தால் மனம் பதறுகிறது. ஆறு வயதை ஒட்டி, எந்தப் பல்லும் விழாமலே, பால் பற்களுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கிறது. அது நிரந்தரப் பல். போனால் வேறு வராது. அதன் பள்ளங்களில் பிஸ்கட் அப்பிக்கொள்ள, கிருமிகள் அந்தச் சர்க்கரையை அமிலமாக்கிப் பல்லை அரிக்கின்றன. உறக்கத்தில் எச்சில் சுரப்பு குறைவதால் இரவில் சேதம் அதிகம். நாமோ காலையில் மட்டும் பல் துலக்கச் சொல்கிறோம்! இரவுப் பாலைக் குடித்த பிறகு, பட்டாணி அளவு ஃபுளோரைடு பற்பசை வைத்துப் பெற்றோரே இரண்டு நிமிடம் துலக்கிவிட வேண்டும். ஏழெட்டு வயதுவரை பிள்ளையின் கைக்கு அந்த லாகவம் வராது. நுரையைத் துப்பினால் போதும். வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃபுளோரைடும் கழுவிப் போய்விடும்.