ஆவியும் தராசும்

2011-இல் இத்தாலியின் பொலோனா நகரில் ஆந்திரேயா ரோஸி என்பவர், தம் யந்திரம் வாங்கும் மின்சாரத்துக்குப் பல மடங்கு உஷ்ணம் தருவதாகக் காட்டினார். உள்ளே போன நீரெல்லாம் ஆவியாயிற்று என்று வைத்துக் கணக்குப் போட்டார்கள். வெந்நீராகவே வெளியேறியது எவ்வளவென்று நிறுத்துப் பார்க்கவில்லை.

ஒரு கிராம் நீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கலோரி போதும். ஆவியாக்க மேலும் 540 வேண்டும். வெந்நீரை ஆவியென்று எழுதினால் 70 என்பது 610 ஆகிவிடும்! குழாயைக் குளிர்ந்த நீர்ப் பீப்பாயில் விட்டு, எடையும் சூடும் எவ்வளவு ஏறின என்று பார்த்தால் சங்கதி வெளிப்பட்டுவிடும்.

பெட்டிக்குள் இருப்பது இரகசியம் என்றார். சிதம்பரத்தில் திரைக்குப் பின்னால் இருப்பதும் இரகசியந்தானே! கடலூர் ஜில்லா நெய்வேலியில் நீராவி யந்திரத்தைச் சுழற்ற எந்த இரகசியமும் வேண்டியிருக்கவில்லை, விளக்கு எரிகிறது. திரைக்கு முன் கைகூப்பாதீர்கள். தராசு எங்கே என்று கேளுங்கள்!